பொது நியாயம்

பொது நியாயம் என்பது, எல்லோரையும் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றை அரசு இயற்றும்போது, அதற்கான காரணங்களை வேறு சமயமும் வேறு வாழ்க்கை நோக்கும் உடைய குடிமக்களும் ஏற்கத்தக்க வகையில் எடுத்துரைக்க வேண்டும் என்னும் அரசியல் மெய்யியல் கருத்து ஆகும். தாராளவாத அரசியல் மெய்யியலில் இது மைய இடம் பெற்றுள்ளது. அமெரிக்க மெய்யியலாளர் ஜான் ரால்ஸ் (1921–2002) இதற்கு விரிவான வடிவம் கொடுத்தார். இங்கு 'நியாயம்' என்ற சொல் நீதி என்ற பொருளில் அல்லாமல், ஒரு செயலுக்குக் காட்டப்படும் தக்க காரணம் என்ற பொருளில் வருகிறது.

மருத்துவம், உயிரியல் ஆகிய துறைகளில் எழும் அறச் சிக்கல்களை ஆராயும் உயிரி அறவியலில் இக்கருத்து கடுமையான சோதனைக்கு உள்ளாகிறது. கருக்கலைப்பு, மனிதக் கருவைக் கொண்டு செய்யும் ஆய்வு, மருத்துவர் துணையுடன் இறத்தல் ஆகியவற்றில் மக்களின் கருத்து வேறுபாடு உயிர், இறப்பு, மனிதர் என்பவற்றின் பொருள் வரை செல்கிறது. ஆயினும் சட்டம் ஏதேனும் ஒரு முடிவை எடுத்தாக வேண்டியுள்ளது.

அடிப்படைக் கேள்வி

ஒரு சட்டத்தை நிறைவேற்றப் பெரும்பான்மை வாக்கு போதும். அதை நியாயப்படுத்தவும் அது போதுமா என்பதே இங்குள்ள கேள்வி. நூறு பேரில் அறுபது பேர் ஆதரித்து ஒரு சட்டம் நிறைவேறினால், எதிர்த்த நாற்பது பேரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். மீறினால் தண்டனை உண்டு. "நாங்கள் எண்ணிக்கையில் அதிகம்" என்பது அந்த நாற்பது பேருக்குச் சொல்லும் காரணம் ஆகாது. அது வலிமையைத்தான் காட்டுகிறது. "எங்கள் மறைநூல் அவ்வாறு கூறுகிறது" என்பது அம்மறைநூலை ஏற்றவருக்குக் காரணம். ஏற்காதவருக்கு அது வெறும் கட்டளை.

ஒரு கருத்து உண்மையாக இருப்பது வேறு, அது பிறரைக் கட்டாயப்படுத்தப் போதுமான காரணமாக இருப்பது வேறு என்பதை இக்கோட்பாட்டாளர்கள் வலியுறுத்துகின்றனர். எனவே பொது நியாயம் எந்தச் சமய நம்பிக்கையையும் பொய் என்று கூறுவதில்லை.

குருதி ஏற்றுதல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறித்தவப் பிரிவினர் பிறர் குருதியை ஏற்றிக்கொள்வதில்லை. வயது வந்த ஒருவர் விளைவை அறிந்தே குருதியை மறுத்தால், பல நாடுகளின் சட்டம் அம்முடிவை மதிக்கிறது. அவருடைய நம்பிக்கை சரியா தவறா என்று சட்டம் கேட்பதில்லை. தம் உடலைப் பற்றித் தாமே முடிவு செய்யும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்பதே காரணம். அதே பெற்றோர் தம் சிறு குழந்தைக்கு உயிர்காக்கும் குருதியை மறுத்தால், நீதிமன்றங்கள் பொதுவாகச் சிகிச்சைக்கு அனுமதி அளிக்கின்றன. இங்கும் அவர்களின் சமயம் தவறு என்று தீர்ப்புச் சொல்லப்படுவதில்லை. வளர்ந்து தானே முடிவெடுக்கும் வாய்ப்பு குழந்தைக்கு வேண்டும் என்பதே காரணம். இரண்டு முடிவுகளும் வெவ்வேறு. ஆனால் இரண்டுக்கும் சொல்லப்படும் காரணம் எச்சமயத்தவரும் எடைபோட்டுப் பார்க்கக் கூடியது.

வரலாறு

16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் நடந்த சமயப் போர்கள் இக்கருத்தின் பின்னணியாக உள்ளன. ஒரே அரசின் கீழ் இரண்டு சமயத்தவர் எவ்வாறு வாழ்வது என்ற கேள்விக்கு அக்காலச் சிந்தனையாளர்கள் விடை தேடினர். தாமசு ஆப்சு 1651இல் வெளியிட்ட 'லெவியத்தான்' நூலில் பொது நியாயம் என்ற தொடரைப் பயன்படுத்தினார். சமய விவாதங்களில் தனி மனிதரின் முடிவுக்கு மேலாக இறையாண்மை உடைய ஆட்சியாளரின் முடிவே நிற்க வேண்டும் என்பது அவர் கருத்து. இம்மானுவேல் காண்ட் 1784இல் எழுதிய அறிவொளி பற்றிய கட்டுரையில் இதற்கு எதிர்த்திசையில் சென்றார். கற்றவர் ஒருவர் வாசகர் உலகத்தின் முன் தம் அறிவைத் தடையின்றிப் பயன்படுத்துவதை அவர் பகுத்தறிவின் பொதுப் பயன்பாடு என்றார். ரால்ஸ் இதை ஆட்சியாளரிடமோ கற்றவரிடமோ விடாமல், சமமான குடிமக்கள் ஒருவருக்கொருவர் செலுத்த வேண்டிய கடமையாக மாற்றினார்.

ரால்ஸின் விளக்கம்

ரால்ஸ் 1971இல் 'நீதியின் ஒரு கோட்பாடு' என்ற நூலையும் 1993இல் 'அரசியல் தாராளவாதம்' என்ற நூலையும் வெளியிட்டார். பொது நியாயம் இரண்டாவது நூலில் விரிவாகப் பேசப்படுகிறது. 1997இல் வெளியான கட்டுரை ஒன்றில் அதைத் திருத்தி எழுதினார்.

சுதந்திரமான நாட்டில் கருத்து வேறுபாடு அறியாமையால் மட்டும் தோன்றுவதில்லை என்பது அவருடைய தொடக்கப் புள்ளி. சான்றுகள் சிக்கலானவை. சொற்கள் தெளிவற்றவை. ஒவ்வொருவரின் வாழ்க்கை அனுபவமும் வேறானது. ஆகவே நேர்மையாகச் சிந்திப்பவர்களும் வேறு வேறு முடிவுகளுக்கு வருவர். இதை அவர் நியாயமான பன்மைத்துவம் என்றார். இதிலிருந்து பின்வரும் கருத்துகள் பிறக்கின்றன.

முழுமைக் கோட்பாடு: வாழ்க்கை முழுவதற்கும் வழிகாட்டும் சமயம் அல்லது மெய்யியல். இறைமறுப்பும் இதில் அடங்கும். ஆகவே கடவுள் இல்லை என்பதை அடிப்படையாகக் கொண்டும் சட்டத்தை நியாயப்படுத்த இயலாது.

பரஸ்பரத்தன்மை: நாம் முன்வைக்கும் காரணத்தை, நம் இடத்தில் இல்லாத ஒருவரும் சமமான குடிமகனாக நின்று ஏற்கக்கூடும் என்று நாம் நேர்மையாக நம்ப வேண்டும்.

மேற்பொருந்தும் உடன்பாடு: வேறு வேறு கோட்பாடு உடையோர் தத்தம் காரணங்களால் ஒரே அரசியல் நெறிகளை ஏற்கும் நிலை.

குடிமைக் கண்ணியக் கடமை: பொது நியாயத்தைப் பின்பற்றுவது அறக்கடமையே, சட்டக் கடமை அன்று. இதைச் சட்டமாக்கினால் பேச்சுரிமை பாதிக்கப்படும் என்பதை ரால்ஸ் தெளிவாகக் கூறினார்.

இக்கடமை நீதிபதிகள், சட்டமன்ற உறுப்பினர்கள், அரசு அதிகாரிகள், வேட்பாளர்கள் ஆகியோருக்கு உரியது. வாக்களிக்கும் குடிமக்களும் தம்மைச் சட்டம் இயற்றுவோராகக் கருதிப் பார்க்க வேண்டும். கோவில், தேவாலயம், பல்கலைக்கழகம், குடும்பம் ஆகியவற்றில் நடக்கும் உரையாடலை இது கட்டுப்படுத்துவதில்லை. மேலும், அரசியல் மேடையிலும் சமய மொழியில் பேசலாம்; ஆனால் உரிய காலத்தில் அதற்கு ஈடான பொதுக் காரணமும் தரப்பட வேண்டும் என்ற நிபந்தனையை ரால்ஸ் பின்னர் சேர்த்தார். மார்ட்டின் லூதர் கிங் கிறித்தவ மொழியில் பேசினாலும், அவர் கேட்ட சமவுரிமை அமெரிக்க அரசியலமைப்பின் மதிப்புகளிலும் வேரூன்றியது என்பது இதற்குக் காட்டப்படும் சான்று.

உயிரி அறவியலில் பொது நியாயம்

கரு ஆய்வும் 14 நாள் விதியும்

உலகின் முதல் சோதனைக் குழாய் குழந்தை 1978 சூலையில் இங்கிலாந்தில் பிறந்தது. உடலுக்கு வெளியே உருவாக்கிய கருவை ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி உடனே எழுந்தது. பிரித்தானிய அரசு 1982இல் மெய்யியலாளர் மேரி வார்னாக் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. மருத்துவர், சட்ட அறிஞர், இறையியலாளர், சமூகப் பணியாளர் எனப் பல துறையினர் அதில் இருந்தனர்.

உயிர் எப்போது தொடங்குகிறது என்பதில் குழு உறுப்பினர்களிடம் ஒத்த கருத்து இல்லை. எனவே அக்கேள்விக்கு விடை தேடுவதை விடுத்து, கருவை எவ்வாறு நடத்துவது தகும் என்று குழு கேட்டது. 1984இல் அளித்த அறிக்கை, கருவுற்ற 14 நாட்களுக்குப் பின் மனிதக் கருவை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. ஏறத்தாழ 15ஆம் நாளில் உடலின் அச்சைக் காட்டும் முதல் கோடு கருவில் தோன்றுகிறது. அதற்கு முன் ஒரு கரு இரட்டைக் குழந்தைகளாகப் பிரியவும் கூடும். அதனால் அது இன்னும் ஒரு தனி மனிதர் ஆகவில்லை என்று வாதிட இடமுண்டு. நாட்களை எண்ணி வரையறுப்பது சட்டத்துக்குத் தெளிவான எல்லையையும் தந்தது.

மூன்று உறுப்பினர்கள் கரு ஆய்வே கூடாது என்று தம் மறுப்பை அறிக்கையிலேயே பதிவு செய்தனர். பரிந்துரை 1990இல் சட்டமானது. கருவைத் தொடக்கம் முதலே முழு மனிதராகக் கருதியவர்களுக்கு இது ஏற்புடையது அன்று. எனினும் தம் வாதம் கேட்கப்பட்டது என்பதும், கருவுக்கு ஓரளவு சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது என்பதும் அவர்கள் முன் இருந்தன.

கருக்கலைப்பு

ரால்ஸ் 1993ஆம் ஆண்டு நூலின் அடிக்குறிப்பு ஒன்றில் கருக்கலைப்பைத் தொட்டார். மனித உயிருக்கு உரிய மதிப்பு, சமூகம் தலைமுறை தோறும் ஒழுங்காகத் தொடர்தல், பெண்களின் சமத்துவம் ஆகிய மூன்று அரசியல் மதிப்புகளையும் நியாயமாக எடையிட்டால், முதல் மூன்று மாதங்களில் பெண்ணுக்கு முடிவெடுக்கும் உரிமை கிடைக்கும் என்றார். காரணம் காட்டாமல் முடிவை மட்டும் கூறியதாகப் பலர் கண்டித்தனர். அது தம் கருத்தே தவிர முழு வாதம் அன்று என்று ரால்ஸ் பின்னர் விளக்கினார். கருக்கலைப்பை எதிர்ப்போரும் பொது நியாயத்தின் வடிவில் வாதிட முடியும் என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார்.

வாழ்வின் இறுதி

1997இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், குணமாகாத நோயாளி இறப்பதற்கு மருத்துவர் துணை செய்வதைத் தடுக்கும் மாநிலச் சட்டங்களை ஆராய்ந்தது. ரால்ஸ், ரொனால்டு டுவர்க்கின், தாமசு நேகல், இராபர்ட் நோசிக், தா. மை. சுகான்லன், ஜூடித் ஜார்விஸ் தாம்சன் ஆகிய ஆறு மெய்யியலாளர்கள் நீதிமன்றத்துக்கு உதவும் மனு ஒன்றை அளித்தனர். வாழ்வின் மதிப்பைப் பற்றிய மிக அந்தரங்கமான முடிவுகளை ஒவ்வொருவரும் தத்தம் நம்பிக்கையின்படி எடுக்க வேண்டும். அரசு ஒரு நம்பிக்கையை எல்லோர் மீதும் திணிக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம்.

நீதிபதிகள் அனைவரும் ஒருமித்து அச்சட்டங்களை நிலைநிறுத்தினர். ஏழைகள், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் இறப்பை நோக்கித் தள்ளப்படும் ஆபத்து, மருத்துவத் தொழிலின் நம்பகத்தன்மை ஆகியவை அவர்கள் காட்டிய காரணங்களுள் அடங்கும். இவையும் எச்சமயத்தையும் சாராத பொதுக் காரணங்களே. பொது நியாயம் எந்தத் தரப்பு வெல்ல வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானிப்பதில்லை என்பதை இவ்வழக்கு காட்டுகிறது. ஒரேகன் மாநிலத்தில் 1994இல் வாக்காளர்கள் இதற்கு நேர்மாறான சட்டத்தை ஏற்றனர். அது 1997இல் நடைமுறைக்கு வந்தது.

மருத்துவ வளங்களைப் பகிர்தல்

எந்த நாட்டிலும் எல்லா மருந்தையும் எல்லோருக்கும் அளிக்கப் பணம் இருப்பதில்லை. நார்மன் டேனியல்ஸ், ஜேம்ஸ் சேபின் இருவரும் இதற்கு நான்கு நிபந்தனைகளைக் கூறினர்.

1. முடிவும் அதற்கான காரணமும் வெளிப்படையாக இருக்க வேண்டும்.
2. நியாய உணர்வுடையோர் பொருத்தமானவை என்று ஏற்கும் காரணங்களாக அவை இருக்க வேண்டும்.
3. முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும், புதிய சான்று வந்தால் திருத்தவும் வழி வேண்டும்.
4. இம்மூன்றும் பின்பற்றப்படுவதை உறுதி செய்யும் ஏற்பாடு வேண்டும்.

மருந்து மறுக்கப்பட்ட நோயாளி அம்முடிவை ஏற்காமல் போகலாம். ஆனால் காரணத்தை அறிந்து கேள்வி கேட்கும் உரிமை அவருக்கு உண்டு என்பதே இதன் சாரம்.

விமர்சனங்கள்

நடுநிலை சாத்தியமா? மைக்கேல் சாண்டல் இதை மறுக்கிறார். கரு முழு மனிதர் என்றால் கருக்கலைப்பு கொலையாகும். அந்நிலையில் "அவரவர் முடிவுக்கு விடலாம்" என்பது நடுநிலை ஆகாது. கரு மனிதர் அன்று என்ற விடை அதற்குள் ஒளிந்துள்ளது என்கிறார். 1858இல் அடிமை முறை பற்றி லிங்கனும் டக்ளசும் நடத்திய விவாதத்தை அவர் எடுத்துக்காட்டுகிறார். அடிமை முறையின் அறக்கேள்வியை ஒதுக்கிவைத்து அந்தந்தப் பகுதி மக்களிடம் விடலாம் என்ற டக்ளசின் நிலை, அடிமைகளுக்கு நடுநிலையாக இல்லை.

சமயத்தவருக்குக் கூடுதல் சுமை: தம் வாழ்வை முழுவதும் சமயத்தின் மீது அமைத்தவரிடம் வேறு காரணம் கேட்பது நியாயம் அன்று என்று நிக்கோலசு வோல்டர்ஸ்டார்ப் வாதிட்டார். யூர்கன் ஆபர்மாசு இதை ஓரளவு ஏற்று, பொது வெளியில் சமய மொழி தடையின்றி ஒலிக்கலாம், நாடாளுமன்றம், நீதிமன்றம் போன்ற அரசு அமைப்புகளின் வாயிலில் அது பொது மொழிக்கு மாற்றப்பட வேண்டும், அம்மாற்றத்தில் சமயம் சாராதவரும் பங்கேற்க வேண்டும் என்றார்.

ஒரே காரணம் தேவையா? செரால்டு காஸ் போன்றோர், ஒரே காரணத்தை எல்லோரும் ஏற்க வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் தத்தம் காரணத்தால் ஒரே சட்டத்தை ஏற்றாலே போதும் என்கின்றனர்.

பொது அடித்தளம் உண்டா? உயிரி அறவியலாளர் டிரிஸ்ட்ராம் எங்கெல்கார்ட், அறநெறியில் ஒருவருக்கொருவர் அந்நியராக உள்ளோரிடையே சம்மதம் தவிர வேறு பொது அடித்தளம் இல்லை என்று கருதினார்.

பயனும் வரம்பும்

இவ்விமர்சனங்களுள் சாண்டலின் கேள்வி வலுவானது. குருதி ஏற்றுதலிலும் மருந்துப் பகிர்விலும் பாதிக்கப்படுவோர் யார் என்பதில் ஐயம் இல்லை. அங்குப் பொது நியாயம் நன்கு பயன்படுகிறது. கருவைப் பற்றிய விவாதத்தில் யார் பாதிக்கப்படுவோர் என்பதே கேள்வி. அங்கு அது இறுதி விடையைத் தருவதில்லை. காரணம் சொல்லவும், மறுப்பைப் பதிவு செய்யவும், முடிவை மீண்டும் திறக்கவும் வழி வைத்திருப்பதே அங்கு அதன் பயன்.

14 நாள் விதியின் பிற்கால வரலாறு இதற்குச் சான்று. 2016இல் ஆய்வாளர்கள் மனிதக் கருவை ஆய்வுக்கூடத்தில் 13 நாட்கள் வரை வளர்த்தனர். அதுவரை எவரும் எட்டாத எல்லை அப்போது எட்டும் தூரத்துக்கு வந்தது. பன்னாட்டுக் குருத்தணு ஆய்வுக் கழகம் 2021இல் தன் வழிகாட்டு நெறிகளில் 14 நாள் தடையைத் தளர்த்தி, இது குறித்துப் பொதுமக்களுடன் உரையாடல் நடத்துமாறு கேட்டுக்கொண்டது. எல்லையை நீட்ட விரும்புவோர், 1984இல் சொல்லப்பட்ட காரணங்களுள் எது இப்போது பொருந்தவில்லை என்பதைக் காட்ட வேண்டியுள்ளது. அன்று மறுப்புத் தெரிவித்தவர்களின் வாதத்துக்கும் அவர்கள் மீண்டும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.