தடையும் மறுவிசாரணையும்: சேவல்கட்டு குறித்துச் சில குறிப்புகள்

"மாட்டுக்குக் கோர்ட்டு எறங்கி வந்துச்சு தம்பி. சேவலுக்கு யாரு வருவா?" வேடசந்தூர்ப் பக்கம் முப்பது வருஷமாகச் சேவல் வளர்க்கிற பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டது இது. அவருடைய பெருவிடைச் சேவல்கள் இரண்டு அப்போது வழக்குப் பொருளாகக் காவல் நிலையத்தில் கால் கட்டப்பட்டுக் கிடந்தன. ஒரு தடையை யார் விதிக்கிறார்கள், அதை மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது என்கிற இடத்துக்கு இந்தக் கேள்வி நம்மைத் தள்ளுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, கேளிக்கைக்காக ஒரு விலங்கைச் சண்டைக்குத் தூண்டுவதைக் குற்றம் என்கிறது. முதல் முறை என்றால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. (இன்றைக்கு திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் இரண்டு பேர் வயிறாரச் சாப்பிட இந்தப் பணம் காணாது.) அதே சட்டத்தின் 28ஆம் பிரிவோ, ஒரு சமூகத்தின் மதம் கோருகிற முறையில் விலங்கைக் கொல்வது குற்றமாகாது என்கிறது. ஆடு கோழி பலியிடுவதைத் தடுக்கும் மாநிலச் சட்டம் 1950இலேயே வந்து, அரை நூற்றாண்டு தூங்கி, 2003 ஆகஸ்டில் திடீரென்று எழுப்பப்பட்டது. முனியாண்டிக்கும் கருப்பனுக்கும் கிடா வெட்டுகிறவர்கள் முகம் சுளித்ததும் 2004இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஆக, சேவலைச் சாமிக்கு அறுக்கலாம், இன்னொரு சேவலோடு மோதவிடக் கூடாது.

மாட்டின் கதை நமக்குத் தெரியும். 2014 மே 7 அன்று உச்சநீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடைசெய்தது. 2017 சனவரியில் மெரினாவிலும் தமுக்கத்திலும் கூட்டம் திரண்டது. அந்த மாதமே மாநில அரசு சட்டத்தைத் திருத்தியது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. கொசவபட்டியிலும் புகையிலைப்பட்டியிலும் தவசிமடையிலும் தேவாலயத் திருநாட்களை ஒட்டி வாடிவாசல் திறக்கிறது. திருத்தம் காளையை மட்டும்தான் பேசுகிறது. மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா எல்லாம் அதில் உண்டு, சேவல் இல்லை. பண்பாடு, நாட்டினப் பாதுகாப்பு என்று காளைக்குச் சொன்ன வாதங்கள் அத்தனையும் பெருவிடைக்கும் பொருந்தும். அரசலாபுரத்திலும் இந்தளூரிலும் சேவலுக்கே நடுகல் இருக்கிறது. அந்தக் கல்வெட்டுகளில் வருபவை மேற்சேரி, கீழ்ச்சேரி. தொன்மை வேண்டுமென்றால் இதைவிடத் தொன்மை ஏது? ஆனால் காளைக்கு நிலம் வேண்டும், வைக்கோல் வேண்டும், ஊர் மரியாதை வேண்டும். சேவலுக்கு ஒரு கூடை போதும். பண்பாடு என்கிற சொல்லாடல் எந்தத் தொழுவத்தில் கட்டப்பட்டிருக்கிறது என்பதை இந்த வித்தியாசம் காட்டிவிடுகிறது. 2017இல் கூடிய இளைஞர்கள் எல்லோரும் நிலவுடைமைக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. கூட்டத்தின் பலன் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் கேள்வி.

என் அக்கா மகன் கைபேசியில் போக்கிமான் ஆடுகிறவன். 1996இல் சப்பானில் வந்த ஆட்டம் இது. பூதம்போன்ற பிராணிகளைப் பிடித்து, பழக்கி, மோதவிட வேண்டும். நெருப்பை நீர் வெல்லும், நீரைப் புல் வெல்லும் என்று கணக்குகள் உண்டு. நம் சேவல்காரர்கள் சேவலின் நிறத்தை வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்று பஞ்சபட்சியில் பொருத்தி, வளர்பிறை தேய்பிறைப்படி எதற்கு அரசு, எதற்குச் சாவு என்று பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. அவன் சொன்ன ஒரு விஷயம் என்னை நிறுத்தியது.

"தடை பண்ணதையே மறுபடி உள்ள விட்டு ஆடிப் பாப்பாங்க மாமா. நல்லா ஆடி ஜெயிச்சவங்களுக்குத்தான் ஓட்டு."

2004இல் தொடங்கிய ஸ்மோகன் என்கிற ஆட்டக்காரர் குழு இதைச் செய்துவருகிறது. ஒன்றை விலக்க வேண்டுமானால் ஐந்தில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். கார்சோம்ப் என்றொரு பிராணி. அதற்கு ஒரு திறன்: களத்தில் மணற்புயல் வீசும்போது எதிரியின் அடி ஐந்தில் ஒன்று தவறிவிடும். ஆட்டத்தைத் திறமையிலிருந்து அதிர்ஷ்டத்துக்குத் தள்ளிவிடுகிறது என்று கார்சோம்பை விலக்கினார்கள். 2010இல் வந்த ஐந்தாம் தலைமுறை ஆட்டத்தில் மறுவிசாரணை செய்தபோது, குற்றவாளி அந்தத் திறன்தான், பிராணி அல்ல என்று முடிவாயிற்று. திறனுக்குத் தடை, கார்சோம்புக்கு விடுதலை.

நம்மிடம் இதற்கு இணை உண்டு: கத்திக்கட்டும் வெத்துக்காலும். குஜிலியம்பாறை தாண்டினால் வரும் அரவக்குறிச்சி வட்டாரத்துப் பூலாம்வலசில் பொங்கலுக்குக் கத்திக்கட்டுதான் பேர்போனது. காலில் கட்டிய கத்தி நிமிஷத்தில் கதையை முடிக்கும். தோற்ற சேவல் கோச்சை, அது வென்றவன் வீட்டுக் குழம்புக்கு. கத்தி தவறிப் பாய்ந்து மனிதர்கள் செத்ததும் உண்டு. கத்தி கூடாது, பந்தயம் கூடாது என்ற நிபந்தனைகளோடு உயர்நீதிமன்றம் அனுமதித்த ஆண்டுகளும் இருக்கின்றன. அதாவது கத்திக்குத் தடை, சேவலுக்கு விடுதலை. இது எனக்கு நியாயமாகப் பட்டது. பெரியவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "கத்தின்னா ஒரே வெட்டு. வெத்துக்கால்ல தண்ணி குடுத்துக் குடுத்து விடுவோம். கண்ணு போயிரும், மண்டை பிஞ்சிரும். எது பாவம்னு நீயே சொல்லு."

என் ஒப்புமை இங்கே நொண்டுகிறது. கார்சோம்புக்கு வலிக்காது. விளையாடுகிறவர்களே கூடி முடிவெடுப்பது சனநாயகம்தான், ஆனால் அடிபடுவது அவர்களாக இருக்கும்வரைதான் அது முழுச் சனநாயகம். கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் 1958இல் பாலித் தீவில் சேவல்கட்டுக்குப் போலீஸ் வந்ததும் சனங்களோடு சேர்ந்து தானும் ஓடிய கதையிலிருந்து தன் புகழ்பெற்ற கட்டுரையை (1972) தொடங்குகிறார். மோதுவது சேவலல்ல, மனிதர்களின் அந்தஸ்து என்று வாசித்தார். அருமையான வாசிப்பு. ஆனால் சேவலைப் பிரதியாக்கிய கணத்தில் அதன் ரத்தம் மையாகிவிட்டது. 'ஆடுகளம்' (2011) பார்த்து நாமும் பேட்டைக்காரனின் மானத்தைப் பற்றித்தான் பேசினோம்.

குறுந்தொகை 305ஐப் பாடியவருக்கு அந்தப் பாட்டின் உவமையாலேயே குப்பைக்கோழியார் என்று பெயர். குப்பைமேட்டில் மோதிக்கொள்ளும் கோழிகளை விலக்க ஆளில்லை. சண்டை தானாக ஓய வேண்டும், தலைவியின் நோயைப் போல. ஏவிவிட ஒருவன் அங்கே இல்லை. நம் சட்டம் தண்டிப்பதோ ஏவுகிறவனை மட்டும். அது சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அப்போது வாடிவாசலில் காளையை அவிழ்த்துவிடுகிற கை எந்தக் கணக்கில் சேரும்? மறுவிசாரணை என்றால் இரண்டையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்து விசாரிக்க வேண்டும். அப்படி யாரும் செய்யவில்லை.

பெரியவரின் சேவல்களில் ஒன்று திரும்பி வரவில்லை. மற்றதை விற்றுவிட்டார். இப்போது கிளிமூக்கு விசிறிவால் வளர்க்கிறார், திண்டுக்கல்லில் கண்காட்சிக்குக் கொண்டுபோக. வளைந்த அலகைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இதுக்குச் சண்டை வராது தம்பி. பாக்கத்தான்."