கழுத்தை நெரித்தாரா?

கணவனோ காதலனோ ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டால், 'ஆத்திரத்தில் நடந்துவிட்டது' என்று செய்தி வரும். பெரும்பாலான வழக்குகளில் அதற்கு முன்பே அடி, மிரட்டல், பின்தொடர்தல், பாதியில் நின்றுபோன புகார் என்று நீண்ட வரலாறு இருக்கும். அந்த வரலாற்றைக் கேட்டறிந்து, உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று கணித்து, அந்தப் பெண்ணைக் கையோடு உதவியில் கொண்டு சேர்ப்பதே கொலை ஆபத்து மதிப்பீடு.

இதன் தொடக்கம் செவிலியர் பணியில் இருக்கிறது. 1980-களின் நடுவில் அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் ஒருவர், அடிபட்ட பெண்களிடமும் காப்பக ஊழியர்களிடமும் கலந்து பேசி 'டேஞ்சர் அசெஸ்மென்ட்' என்ற கேள்வித்தாளை உருவாக்கினார். இன்று அதில் 20 கேள்விகள். அவற்றுக்கு முன் ஒரு காலண்டர் தரப்படுகிறது. கடந்த ஓராண்டில் அடி விழுந்த நாள்களை அந்தப் பெண்ணே குறித்து, ஒவ்வொன்றின் கடுமைக்கும் ஓர் எண் போட வேண்டும். 'எப்போதாவதுதான் கை நீட்டுவார்' என்று பேசத் தொடங்கியவர், குறிகள் வரவர நெருங்குவதையும் எண்கள் ஏறுவதையும் தன் கையெழுத்திலேயே பார்க்கிறார். இந்தப் பயிற்சி வீணல்ல. 11 அமெரிக்க நகரங்களில் நடந்த கொலைகளை ஆராய்ந்து 2003-ல் வெளியான ஆய்வின்படி, கொல்லப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தம் உயிருக்கு ஆபத்து இருப்பதை உணர்ந்திருக்கவில்லை.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 2005-ல் இந்தக் கேள்வித்தாளைச் சுருக்கி, வீட்டு வாசலுக்கு வரும் போலீஸ்காரர் கையில் கொடுத்தார்கள். கேள்விகள் 11. ஆயுதத்தைக் காட்டினாரா, கொன்றுவிடுவேன் என்றாரா, உங்களைக் கொல்லக்கூடும் என்று நினைக்கிறீர்களா என்ற முதல் மூன்றில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலே ஆபத்து அதிகம் என்று பொருள். துப்பாக்கி, சந்தேகப் புத்தி, வேலையின்மை, பிரிந்து வந்தது போன்ற மற்ற எட்டில் நான்கு 'ஆமாம்' வந்தாலும் அப்படியே. உடனே அந்தப் போலீஸ்காரர் அங்கேயே நின்று உதவி எண்ணை அழைக்கிறார். 'உங்கள் நிலையில் இருந்த பெண்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள்' என்று சொல்லிப் போனை அந்தப் பெண்ணிடம் நீட்டுகிறார். பேச மறுத்தால், மறுமுனையில் இருப்பவர் சொல்லும் பாதுகாப்பு யோசனைகளைத் தானே கேட்டுச் சொல்கிறார். தொலைபேசி எண் அச்சிட்ட சீட்டைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும் பழைய வழக்கத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. சீட்டு பெரும்பாலும் மேசை டிராயரோடு நின்றுவிடும்.

வேல்ஸின் கார்டிஃப் நகரில் 2003-ல் தொடங்கிய முறை இன்னும் ஒருபடி மேல். போலீஸ், மருத்துவம், வீட்டுவசதி, குழந்தைகள் நலம் ஆகிய துறையினர் ஒரே மேசையில் அமர்ந்து, மிகுந்த ஆபத்தில் இருக்கும் பெண்களைப் பற்றி ஒவ்வொருவராகப் பேசுகிறார்கள். பூட்டை மாற்றுவதா, வேறு வீடு தருவதா என்பது அங்கேயே முடிவாகிறது. பிரிட்டன் முழுவதும் இன்று இது வழக்கம்.

கேள்வித்தாள் வெறும் சடங்காகிவிடும், குறைந்த மதிப்பெண் வாங்கியவர் கைவிடப்படுவார் என்ற விமர்சனம் உண்டு. மதிப்பெண் குறைந்தாலும் போலீஸ்காரரின் சொந்தக் கணிப்பே போதும் என்று மேரிலாந்து முறை இடம் விட்டிருக்கிறது.

இவற்றைவிடக் கவலை தருவது, கேள்விகளுக்கு நடுவே நசுங்கிக் கிடக்கும் ஒரே ஒரு கேள்வி: கழுத்தை நெரித்தாரா? ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்ட பெண், பின்னாளில் அதே ஆணால் கொல்லப்படும் ஆபத்து ஏழு மடங்குக்கு மேல் என்கிறது 2008-ல் வந்த ஆய்வு. வேறு எந்த அடியும் இவ்வளவு தெளிவாக எச்சரிப்பது அரிது. ஆனால் இதற்குத் தடயம் இருப்பதில்லை. அமெரிக்காவின் சான் டியாகோவில் இத்தகைய 300 வழக்குகளைப் புரட்டிப் பார்த்தபோது, பாதியில் கண்ணுக்குத் தெரியும் காயமே இல்லை. இன்னும் 35 விழுக்காட்டில் இருந்த காயம் போட்டோவில் விழாத அளவுக்குச் சிறியது. கன்னத்தில் விழுந்த அறை மறுநாள் நீலம் பூத்து நிற்கும். குரல்வளையை அழுத்திய கை எதையும் விட்டுவைக்காமல் போய்விடும். போதாததற்கு, மூளைக்கு ரத்தம் நின்ற சில வினாடிகளில் நினைவு தப்புகிறது. அதனால் அந்தப் பெண் சொல்வது முன்னுக்குப் பின் முரணாகக் கேட்கிறது. கேட்பவர் அதைப் பொய் என்று எடுத்துக்கொண்டு 'சாதாரணக் குடும்பத் தகராறு' என்று எழுதிவிட்டால், உதவிக்கு அனுப்பும் பரிந்துரை அங்கேயே செத்துவிடுகிறது. அதன்பின் காப்பகமும் ஆலோசகரும் எத்தனை இருந்தும் அவருக்குப் பயனில்லை.

சட்டம் மெல்ல விழித்திருக்கிறது. உயிர் போகாவிட்டாலும் கழுத்தை நெரிப்பது தனிக் குற்றம் என்ற சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. தண்டனை 5 ஆண்டு வரை சிறை. கேட்கும் முறையும் மாற வேண்டியிருக்கிறது. 'நெரித்தாரா' என்று மட்டும் கேட்டால் பல பெண்கள் இல்லை என்பார்கள். 'சும்மா பிடித்தார்' என்பதுதான் அவர்கள் மனதில் இருக்கும். கழுத்தில் கை வைத்தாரா, முழங்கையா, துணியா, கண் இருண்டதா, தன்னையறியாமல் சிறுநீர் போனதா, இப்போது குரல் கம்முகிறதா, விழுங்க வலிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ஒன்றுக்கு 'ஆமாம்' வந்தாலும் முதல் பரிந்துரை மருத்துவமனைக்குத்தான். கழுத்து ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தால் சில நாள் கழித்தும் பக்கவாதம் வரக்கூடும். வெளியே கீறலே இல்லாத கழுத்தையும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது அதற்காகவே.