பாட்டால் சங்கம் வளர்த்த மீனாட்சியம்மை

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் துயரைப் பாடியவர் புளூகிராஸ் பாடகி ஹேசல் டிக்கன்ஸ். சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்டு இறந்த தன் சகோதரனைப் பற்றியும் பாடினார். அவருக்குப் பல பத்தாண்டுகள் முன்பே நமது மலையகத்தில் அதே வேலையைச் செய்தவர் மீனாட்சியம்மை.

1931இல் கோ. நடேசய்யர் நுவரெலியா மாவட்டத்தின் ஹற்றனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவரது மனைவி மீனாட்சியம்மை தொழிலாளர் கூட்டங்களில் தானே எழுதிய பாட்டுகளைப் பாடினார்.

ஏன் பாட்டு? தொழிலாளரில் பெரும்பாலானோருக்கு எழுத்து தெரியாது. தோட்டத்துக்குள் வெளியாள் நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. ஆனால் பழகிய மெட்டில் அமைந்த பாட்டு, கூட்டம் கலைந்ததும் லயத்துக்கும் கொழுந்து மலைக்கும் போய்விடும். எந்தத் துரையும் அதை வாசலில் மறிக்க முடியாது.

1939இல் அரசாங்கத் திணைக்களங்களிலிருந்து இந்தியத் தினக்கூலிகள் நீக்கப்பட்டனர். மறு ஆண்டே, 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற சிறு பாட்டுப் புத்தகத்தை அவர் வெளியிட்டார். உழைத்தவனுக்கு இந்நாட்டில் என்ன உரிமை என்பதே அதன் கேள்வி. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கி அதற்குப் பதில் சொன்னது.

அச்சானதால் அந்தக் குரல் மிஞ்சியது. லயங்களின் தாலாட்டையும் ஒப்பாரியையும் சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்தார். தொகுக்கப்படாதவை பாடியவரோடு போயின. வீட்டோடு ஆவணமும் எரியக் கண்டவர்களுக்கு இந்த இழப்பு புதிதல்ல. உங்கள் அம்மம்மாவோ அப்பாயியோ இன்னும் பாடினால், இன்றே எழுதி வையுங்கள்.