தூரிகையும் ஒளியும் – 6: ஒரே ஓவியத்தில் நானூற்றைம்பது முகங்கள்

1839-இல் பாரிசில் டாகேரின் ஒளிப்பட முறை வெளியானதும் உருவப்படம் தீட்டுவோரின் பிழைப்பு போயிற்று என்ற பேச்சு எழுந்ததும், உள்ளங்கைக்குள் அடங்கும் சிற்றோவியங்களைத் தீட்டி வாழ்ந்தவர்களே முதலில் அடிபட்டதும் சென்ற பகுதியில் சொல்லப்பட்டன. அதனால் ஓவியமும் ஒளிப்படமும் பகைத்துக்கொண்டே வளர்ந்தன என்று எண்ணிவிடலாகாது. ஓர் ஓவியரே தம் ஓவியத்துக்காக ஒளிப்படக் கருவியை நாடிய நிகழ்ச்சி, அடுத்த நான்கே ஆண்டுகளில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் நடந்தது.

1843 மே மாதம் ஸ்காட்லாந்துத் திருச்சபை இரண்டாகப் பிளந்தது. குருமாரை அமர்த்தும் உரிமை நிலக்கிழார்களுக்கா, சபை மக்களுக்கா என்ற நெடுநாள் வழக்கில் மனம் கசந்த நானூற்றுக்கும் மேற்பட்ட குருமார், சம்பளத்தையும் குடியிருந்த வீட்டையும் துறந்து வெளியேறிச் சுதந்திரத் திருச்சபையை நிறுவினர். (சென்னையில் 1837-இல் பள்ளியாகத் தொடங்கி, பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்த நிறுவனத்தின் ஸ்காட்டியப் பாதிரிமாரும் இப்புதிய சபையின் பக்கமே நின்றனர்.) அவர்கள் பதவி துறப்புப் பத்திரத்தில் கையொப்பமிட்ட காட்சியை, ஒவ்வொருவர் முகமும் அடையாளம் தெரியும்படி ஒரே ஓவியமாகத் தீட்ட முனைந்தார் டேவிட் ஆக்டேவியஸ் ஹில். அவரோ இயற்கைக் காட்சி ஓவியர். நூற்றுக்கணக்கானோரை ஒவ்வொருவராக அமரவைத்து வரைவது நடவாத காரியம் என்று கண்ட இயற்பியல் அறிஞர் டேவிட் புரூஸ்டர், கலோடைப் முறை கைவந்த ராபர்ட் ஆடம்சன் என்ற 22 வயது இளைஞரை அவரோடு சேர்த்துவைத்தார்.

கலோடைப் என்பது இங்கிலாந்தின் டால்பட் கண்டறிந்த முறை; வெள்ளி அயோடைடு பூசிய தாளில் ஒளியும் நிழலும் இடம் மாறிய எதிர்ப்படம் முதலில் பதிய, அதைக்கொண்டு வேறு தாள்களில் வேண்டிய அளவுக்கு நேர்ப்படம் எடுத்துக்கொள்ளலாம். டாகேரின் உலோகத் தகட்டில் மயிரிழையும் தெளிவாகத் தெரியும். கலோடைப்பிலோ தாளின் நார் குறுக்கிட்டு விளிம்புகளை மங்கச் செய்துவிடும். ஹில் இதைக் குறையாகக் கொள்ளாமல், கறுப்பு அங்கியை நிழலில் கரையவிட்டு, நெற்றியும் கைகளும் மட்டும் வெளிச்சத்தில் எழும்படி, ரெம்பிராண்டின் ஓவியங்களில் பழகிய கண்ணோடு ஒவ்வொரு படத்தையும் அமைத்தார். நல்ல வெயில் தேவைப்பட்டதால், கால்ட்டன் குன்றில் இருந்த ஆடம்சனின் வீட்டுக்கு வெளியே நாற்காலி, திரைச்சீலை, புத்தகங்களை இட்டு உள்ளறை போன்ற தோற்றம் உண்டாக்கப்பட்டது. ஒரு நிமிடமோ அதற்கு மேலோ அசையாதிருக்க வேண்டியிருந்தமையால், வந்தவர்கள் கன்னத்தைக் கையில் தாங்கியும் கையைப் புத்தகத்தின் மேல் ஊன்றியும் அமர்ந்தனர்; அசையாமைக்காகக் கொண்ட அந்த நிலைகள், சிந்தனையில் ஆழ்ந்தவரின் தோற்றத்தையே அவர்களுக்குத் தந்துவிட்டன. ஏறத்தாழ 3,000 படங்கள் இவ்வாறு உருவாயின. அவற்றுள் நியூஹேவன் மீனவப் பெண்களின் படங்கள், திருச்சபையோடு தொடர்பே இல்லாதவை ஆயினும், அக்காலத்து உருவப்படங்கள் எவற்றுக்கும் இளைத்தவை அல்ல.

இருபத்து மூன்று ஆண்டு உழைப்புக்குப்பின் 1866-இல் ஓவியம் முடிந்தது. ஏறத்தாழ 11 அடி நீளமும் 5 அடி உயரமும் கொண்ட அதில் 450-க்கும் மேற்பட்ட முகங்கள் உள்ளன. முகங்கள் மெய்யானவையாயினும் ஓவியம் உயிர்பெறவில்லை. வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு வெயிலில், தனித்தனியே பதிந்த முகங்கள் அங்கே தோளோடு தோள் நெருங்கி நிற்கின்றன. பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பவர் அரிது. எந்த முகத்தையும் நிழலில் விட ஓவியர் துணியவில்லை, ஏனெனில் அடையாளம் தெரியவேண்டும் என்பதே ஒப்பந்தம். எதைக் காட்டுவது, எதை இருளில் விடுவது என்று தேர்வதே உருவப்படக் கலையின் உயிர். ஒளிப்படம் எடுத்தபோது ஹில்லுக்கு வாய்த்த அந்தச் சுதந்திரம், தூரிகையைத் தொட்டபோது பறிபோயிற்று. ஓவியத்துக்குக் குறிப்பாக எடுத்த கலோடைப்புகளே அவருடைய மெய்யான உருவப்படங்கள் எனத் துணிந்து கூறலாம்.

ஓவியம் எடின்பரோவில் சுதந்திரத் திருச்சபையின் பொறுப்பில் உள்ளது. கூட்டத்தின் நடுவே ஹில் தம்மையும், தம் அருகே ஒளிப்படக் கருவியோடு ஆடம்சனையும் தீட்டியிருக்கிறார். அந்த உருவம் நிறைவுற்றபோது, 26 வயதில் இறந்த ஆடம்சன் மறைந்து பதினெட்டு ஆண்டுகள் கடந்திருந்தன.