ஐந்து சுரங்களில் ஒரு முகாம்

பியூகிள் ஊதுபவரின் விரல்களைக் கவனித்திருக்கிறீர்களா? அவற்றுக்கு வேலையே இல்லை! நாகசுரத்தில் உள்ளது போன்ற துளைகள் இந்தப் பித்தளைக் குழலில் கிடையா. குழலின் நீளம் மாறாததால், உதடுகளை இறுக்கியும் தளர்த்தியும் 2:3:4:5:6 என்ற அதிர்வெண் விகிதமுடைய ஐந்து சுரங்களையே பெரும்பாலும் எழுப்புவர்.

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் குதிரைப்படை முகாமின் அன்றாட வாழ்வுக்கு இவையே போதுமாயிருந்தன. துயிலெழ ஓர் அழைப்பு, குதிரைகளுக்குத் தண்ணீர் காட்ட ஒன்று, லாயத்தில் அவற்றைத் தேய்த்துவிட ஒன்று, சேணம் பூட்ட ஒன்று, விளக்கணைக்க ஒன்று. சுரங்கள் அவையேதான், வரிசையும் தாளமுமே வேறு. புதிதாகச் சேர்ந்த வீரர் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தாக வேண்டும். ஏனெனில் போர்க்களத்தில் குளம்போசைக்கிடையே தளபதியின் குரல் எட்டாது. பாயவும் பின்வாங்கவும் பியூகிளே கட்டளை. பழகிய குதிரைகளோ, வீரர் கடிவாளத்தை அசைக்குமுன்பே அழைப்பைக் கேட்டுத் திரும்பிவிடுவதுண்டு!