குளிர்காற்றை வீசும் வெப்பமூட்டி

நம் நாட்டில் கார் வைத்திருக்கும் ஒருவரிடம், "உங்கள் வண்டியில் வெப்பமூட்டி இருக்கிறதா?" என்று கேட்டால் அவர் சிரிப்பார். குளிரூட்டி பழுதானால் ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டோம். வெப்பமூட்டியோ இங்கு ஓடும் பல வண்டிகளில் பொருத்தப்படுவதே இல்லை. கேமரன் மலையில் இரவு 16 பாகைக்கு இறங்கினால், கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொள்வதோடு நம் குளிர்காலம் முடிந்துவிடும்.

குளிர்நாடுகளில் நிலை வேறு. அங்கே வெப்பமூட்டி உடல் சுகத்துக்காக மட்டும் ஏற்பட்டதன்று. வண்டிக்குள் இருப்போர் விடும் மூச்சுக்காற்றின் ஈரம் முன்கண்ணாடியின் உட்புறத்தில் படிந்து உறைந்துவிடும். கண்ணாடியின்மீது சூடான காற்று வீசாவிட்டால் எதிரே வரும் லாரிகூடக் கண்ணுக்குப் புலப்படாது.

ஒரு குளிர்காலத்தில், கனடாவின் வின்னிப்பெக் நகரில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அந்நகரில் சனவரி இரவுகளில் குளிர் உறைநிலைக்குக் கீழே 20 பாகை வரை போவது வழக்கம். "ஐயா, வெப்பம் பரவும் முறைகளை எங்களுக்கு நீங்கள்தாம் பாடம் சொன்னீர்கள். என் காரில் வெப்பமூட்டியின் விசிறி நன்றாகச் சுழல்கிறது, காற்றும் வருகிறது. ஆனால் வருவது குளிர்காற்று. பட்டறையில் உள்ளிருக்கும் கருவியையே மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொல்கிறார்கள்" என்றார். நான் சற்றும் தயங்காமல், "உள்ளே மின்கம்பி அறுந்திருக்கும் தம்பி, அதைப் பார்க்கச் சொல்" என்று விடையிறுத்தேன்.

நான் சொன்னது முழுத் தவறு. மின்கெண்டியையும் துணி தேய்க்கும் பெட்டியையும் கண்டு பழகிய கண், சூடு தரும் கருவி எதுவாயினும் அதற்குள் மின்கம்பிச் சுருள் இருக்கும் என்றே எண்ணிவிடுகிறது. அன்று மாலை என் காரைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்கிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது, அவர் என்னைச் சற்று இரக்கத்தோடு பார்த்து, "அது இன்ஜின் தண்ணி சார்" என்றார். பிறகு நூல்களைப் புரட்டிப் படித்தேன். அங்கு விடியும் நேரம் பார்த்து மாணவரை மீண்டும் அழைத்தேன். அந்த இரண்டாவது உரையாடலில் நான் சொன்னவற்றை ஆசிரிய நண்பர்களுக்கு இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

பெட்ரோலில் ஓடும் காரின் வெப்பமூட்டி தானாக வெப்பத்தை உண்டாக்குவதே இல்லை. இயந்திரத்தில் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. ஏறக்குறைய மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி, இயந்திரத்தைச் சுற்றி ஓடும் நீரில் வெப்பமாகக் கலக்கிறது. அந்நீரை ரேடியேட்டருக்கு அனுப்பிக் காற்றில் ஆறவைத்து, வெப்பத்தை வீணே வெளியில் கொட்டுகிறோம். குளிர்நாட்டார் அவ்வாறு கொட்டப்படும் வெப்பத்தில் சிறிதளவை உள்ளே திருப்பிக்கொண்டனர். ஓட்டுநருக்கு முன்னுள்ள பலகைக்குப் பின்னால், ஒரு தடித்த அகராதியின் பருமனில், குட்டி ரேடியேட்டர் ஒன்று இருக்கிறது. இரண்டு ரப்பர் குழாய்கள் இயந்திரத்தின் சூடான நீரை அதற்குள் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருகின்றன. விசிறி அதன் ஊடே காற்றைத் தள்ளுகிறது. காற்று சூடாகிறது. இவ்வளவுதான் அதன் மருமம்.

இதை மனத்தில் வாங்கிக்கொண்டால், குளிர்காற்று வருவதற்குரிய காரணத்தைத் தேடும் வழி தானே புலப்படும். இயந்திரம் போதிய அளவு சூடாகவில்லை, அல்லது சூடான நீர் குட்டி ரேடியேட்டருக்கு வந்து சேரவில்லை, அல்லது நீர் வந்தும் காற்று அதன் ஊடே செல்லவில்லை. இம்மூன்றுக்கும் வெளியே வேறு காரணம் தேட வேண்டியதில்லை. (வண்டியைக் கிளப்பிய முதல் சில நிமிடங்களில் குளிர்காற்று வருவது குற்றமன்று. அடுப்பில் வைத்த உடனே உலை கொதிப்பதில்லை அன்றோ?)

முதலில் வெப்பமானியின் முள்ளைப் பார்க்க வேண்டும். நெடுந்தொலைவு ஓடிய பின்னும் அது அடியிலேயே கிடக்குமானால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டது என்று ஐயுறலாம். முள் வழக்கமான இடத்தில் நின்றும் காற்று குளிர்ந்திருந்தால், இயந்திரப் பக்கத்தில் அந்த இரண்டு ரப்பர் குழாய்களையும் தொட்டுப் பார்க்க வேண்டும். சுழலும் விசிறியிலும் பட்டையிலும் கை படாதவாறு, கையுறை அணிந்து, மெல்லத் தொட வேண்டும். இரண்டும் சூடாக இருந்தால் நீரோட்டத்தில் குறையில்லை. உள்ளே காற்றைச் சூட்டுப் பக்கமும் குளிர்ப் பக்கமும் திருப்பிவிடும் சிறு கதவு சிக்கியிருக்கும். ஒன்று சூடாகவும் மற்றொன்று குளிர்ந்தும் இருந்தால், குட்டி ரேடியேட்டரில் துருவும் கசடும் அடைத்திருக்கலாம். அல்லது நீரை அடைக்கும் வால்வு மூடியிருக்கலாம். இரண்டுமே குளிர்ந்திருந்தால் நீர் அங்கு வரவேயில்லை. நீர் குறைந்திருக்கும், குழாய்க்குள் காற்று அடைத்திருக்கும், அல்லது நீரேற்றி தளர்ந்திருக்கும்.

என் மாணவர் கூறிய ஒரு சிறு செய்தி எனக்கு இங்கே கைகொடுத்தது. வேகமாக ஓட்டும்போது சற்றே சூடு வருகிறது, சாலை விளக்கில் நின்றதும் குளிர்ந்துவிடுகிறது என்றார் அவர். இது நீர் குறைந்ததற்கு நல்ல அடையாளம். குட்டி ரேடியேட்டர் பல வண்டிகளில் உயரமான இடத்தில் இருப்பதால், நீர் குறையும்போது முதலில் வறண்டு போவது அதுவே. நீரேற்றி வேகமாகச் சுழலும்போது மட்டும் மிச்ச நீர் அங்கே ஏறும். "இயந்திரம் ஆறிய பிறகு நீர் மட்டத்தைப் பார்" என்றேன். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. ஒரு குழாயின் பிடிவளையம் தளர்ந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. பெருந்தொகைக்குக் கருவியை மாற்றியிருந்தாலும் சொட்டுவது நின்றிராது. சில வாரங்களில் இயந்திரமே வெந்து போயிருக்கும்.

வெப்பமூட்டியின் குளிர்காற்றை அற்பக் குறையாக எண்ணக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். குளிர்காற்று வரும்போது வெப்பமானி முள் மேலே ஏறிக்கொண்டிருந்தால் வண்டியை உடனே ஓரங்கட்டி இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். நீர் மிகவும் வற்றிவிட்டால் முள்ளும் பொய் சொல்லும். நீரின் வெப்பத்தை அளக்கும் முனை வெறுங்காற்றில் நிற்பதே அதற்குக் காரணம். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறப்பதோ பேராபத்து. மூடியின் அழுத்தத்தால் உள்ளே 100 பாகைக்கு மேலும் கொதிக்காமல் அடங்கியிருக்கும் நீர், அழுத்தம் நீங்கிய கணத்தில் ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும்.

நான் எச்சரித்த மற்றொன்று, குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பக் கூடாது என்பது. நம் ஊரில் அவசரத்துக்கு அப்படிச் செய்வோம். வின்னிப்பெக்கில் செய்தால் இரவில் நீர் உறையும். உறையும் நீர் கனஅளவில் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிந்து இயந்திரத்தின் உலோகத்தையே பிளந்துவிடும். அதற்காகவே எத்திலீன் கிளைக்காலைச் சரிபாதி நீரோடு கலக்கிறார்கள். அக்கலவை உறைநிலைக்குக் கீழே 35 பாகையிலும் உறையாது. அது இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. பிள்ளைகளுக்கும் நாய் பூனைகளுக்கும் எட்டாமல் வைக்க வேண்டியது. உள்ளே இருப்போரின் கால்மிதியில் ஈரமும், கண்ணாடியில் பிசுபிசுப்பான மூட்டமும், இனித்த வாடையும் தோன்றினால் குட்டி ரேடியேட்டரே ஒழுகுகிறது என்று கொள்ளலாம். அப்போது மட்டுமே அந்தப் பட்டறைக்காரர் சொன்ன பெருஞ்செலவு நியாயமாகும்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அது நமக்கும் உரியது. இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது நீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்து, சூடேறிய பின் வழிவிடும் காவற்காரன் அது. அதன் வயிற்றில் மெழுகு இருக்கிறது. 1930களில் செர்ஜியஸ் வெர்னெட் என்பவர் அமெரிக்காவில் உருவாக்கிய உத்தி அது. மெழுகு உருகி விரியும்போது ஒரு சிறு தண்டைத் தள்ளி வழியைத் திறக்கிறது. மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம். நம் ஊர்ப் பட்டறைகள் சிலவற்றில், "நம்ம நாட்டு வெயிலுக்கு இது எதுக்கு?" என்று இதைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் உண்டு. என் பழைய காரிலும் அவ்வாறே செய்தார்கள். நானும் தலையாட்டினேன். அதன் பின் பெட்ரோல் அதிகம் குடித்தது. ஏனென்று எனக்கு அப்போது விளங்கவில்லை. நமக்கு வெப்பம் போதும், இயந்திரத்துக்குப் போதாது. அது 80, 90 பாகையில் ஓடுவதற்கென வகுக்கப்பட்டது. குளிர்ந்தே ஓடினால் இன்னும் சூடேறவில்லை என்று கருதிக் கூடுதல் பெட்ரோலை வாங்கிக்கொள்ளும். எண்ணெயில் ஈரம் தங்கும், தேய்மானமும் கூடும். சில இயந்திரங்களில் நீர் தவறான வழியே சுற்றி, சூடு அதிகமாவதும் உண்டு. வெப்பமூட்டி இருந்திருந்தால் அது குளிர்காற்றை வீசி நமக்கு உண்மையைச் சொல்லியிருக்கும். அது இல்லாததால் பெட்ரோல் கணக்கில்தான் தெரிந்தது.

நீரே இல்லாத வண்டிகளும் உண்டு. நம் சாலைகளிலும் ஒரு காலத்தில் நிறைய ஓடிய வோல்க்ஸ்வேகன் வண்டுக் கார் காற்றால் குளிர்விக்கப்படுவது. அதில் புகைக்குழாயைச் சுற்றிய காற்றே கதவடிக் குழல்கள் வழியாக உள்ளே வந்து சூடு தரும். அக்குழல் துருப்பிடித்தால் சூடு வழியிலேயே போய்விடும். இன்றைய மின்சாரக் கார்களிலோ வீணாகும் வெப்பம் மிகக் குறைவு. ஆகவே அவற்றில் மின்கலத்தின் ஆற்றலைச் செலவிட்டே சூடு உண்டாக்க வேண்டியிருக்கிறது. குளிர்நாடுகளில் அவ்வண்டிகள் ஒரு மின்னேற்றத்துக்குக் குறைந்த தொலைவே ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம். நான் முதலில் சொன்ன தவறான விடை, மின்சாரக் காருக்குச் சொல்லியிருந்தால் பொருந்தியிருக்கும்.

வகுப்பில் இதைக் காட்ட விரும்பும் ஆசிரியர்கள் பட்டறையில் கழற்றிப்போட்ட தெர்மோஸ்டாட் ஒன்றைக் கேட்டு வாங்கலாம். நூலில் கட்டி, அடியைத் தொடாதபடி பாத்திர நீரில் தொங்கவிட்டு, வெப்பமானியும் வைத்து அடுப்பேற்ற வேண்டும். பிள்ளைகளைச் சற்று எட்டி நிற்கச் செய்க. திறக்கத் தொடங்கும் வெப்பநிலை பெரும்பாலும் அதன் உலோகத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். 82 என்று இருந்தால் அவ்விடத்தில் மெல்ல வாய் திறக்கும். முழுவதும் திறக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு பாகை வேண்டும். மலைத் தேயிலைத் தோட்டங்களில் பணியாற்றுவோர் ஒன்றைக் கவனிக்க. தானா ராத்தாவின் உயரத்தில் நீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும். ஆதலால் 88 என்று பொறித்ததை அங்கே சோதித்தால் பாதி திறந்த நிலையில் நின்றுவிடக்கூடும். அது பழுதானதென்று எறிந்துவிட வேண்டாம்.