மூளையைக் காக்கும் மலிவு மருந்து

எப்சம் உப்பின் வேதியியல் பெயர் மக்னீசியம் சல்பேட். கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் எகிறி வலிப்பு வந்துவிடாமல் தடுக்க, பிரசவ வார்டுகளில் நெடுங்காலமாக இதை ஊசியில் போட்டு வருகிறார்கள். 1995-இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் கேரின் நெல்சனும் ஜூடித் கிரெதரும் கலிபோர்னியாவில் 1,500 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். மூளைப் பாதிப்பால் உடல் அசைவு குன்றும் பெருமூளை வாதம் வந்த குழந்தைகளில் 7 சதவீதத்தினரின் தாய்மாரே இம்மருந்தைப் பெற்றிருந்தார்கள். வராத குழந்தைகளில் அது 36 சதவீதம். குழந்தையின் மூளையைக் காக்க வேண்டுமென்று அன்று யாரும் அதைக் கொடுக்கவில்லை.

பதிவேட்டில் தெரியும் வித்தியாசத்தை மட்டும் நம்பி மருந்து கொடுத்துவிட முடியாது. ஆகவே ஆஸ்திரேலியா, பிரான்ஸ், அமெரிக்கா எனப் பல நாடுகளில், குறைமாதத்தில் பிரசவமாகும் நிலையிலிருந்த பெண்களுக்கு இதைக் கொடுத்துப் பரிசோதித்தார்கள். 2,241 பெண்கள் பங்கேற்ற அமெரிக்க ஆய்வின் முடிவு 2008-இல் வந்தது. மிதமான அல்லது கடுமையான பெருமூளை வாதம் 3.5 சதவீதத்திலிருந்து 1.9 ஆகக் குறைந்திருந்தது. சிசு மரணம் குறையவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மறு ஆண்டு, ஐந்து ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது 63 குழந்தைகளுக்கு ஒன்று என்ற கணக்கில் பெருமூளை வாதத்திலிருந்து தப்புவது தெரிந்தது. இவ்வளவு மலிவான மருந்துக்கு இது பெரிய பலன்.

குறைமாதக் குழந்தையின் மூளைக்கு ரத்த ஓட்டம் தடுமாறினால் குளூட்டமேட் என்னும் பொருள் பெருகி, நரம்பணுக்களுக்குள் கால்சியம் பாய்ந்து அவற்றைக் கொல்கிறது. கால்சியம் நுழையும் அந்த வாசலை மக்னீசியம் அடைத்துவிடுகிறது என்பதே ஆய்வாளர்கள் தரும் முக்கிய விளக்கம்.

மருந்து ஏறும்போது தாய்க்கு உடம்பெல்லாம் சூடு பரவும், குமட்டும். செவிலியர் அவ்வப்போது முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டி, கால் துள்ளுகிறதா என்று பார்ப்பார்; மூச்சையும் சிறுநீரையும் கணக்கெடுப்பார். கால் துள்ளவில்லையென்றால் மருந்து அளவு மீறிவிட்டதென்று நிறுத்திவிடுவார்கள். முறிவு மருந்தான கால்சியம் குளுக்கோனேட்டும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

32 வாரத்துக்கு முன்பே பிரசவமாகும் நிலையிலுள்ள பெண்களுக்கு இதைக் கொடுக்கலாமென்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. 30 முதல் 34 வாரம் வரையிலான கர்ப்பிணிகளிடம் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில் பலன் தெரியவில்லை. ஆகவே கர்ப்பிணிகள் எல்லோருக்குமான மருந்தல்ல இது.

ஏற்கெனவே பெருமூளை வாதம் உள்ள குழந்தையை இது குணப்படுத்தாது. எப்சம் உப்புக் குளியலும் அதற்கு மருந்தல்ல. தாயின் ரத்தம் வழியாகவே குழந்தையை எட்டுவதால் பிறப்பதற்கு முன்பே ஏற்றியாக வேண்டும். எட்டு மாதம்கூட நிறையாத கர்ப்பிணிக்கு வலி கண்டால், "விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது.